பனிக்காட்டுல ஒரு ராத்திரி: சருகையும் பனியையும் வச்சு மறைவு கட்டுறது எப்படி

காசிமேட்டுல வளந்தவங்களுக்கு ஐஸ் பத்தி யாரும் பாடம் எடுக்கத் தேவையில்ல. விடியக்காலையில ஐஸ் கம்பெனி வண்டி வந்து பார் பாரா இறக்கிட்டுப் போவும், அத்த உடைச்சு விசைப்படகுல ஏத்துற வரைக்கும் கரையாம இருக்கணும்னு எங்க நைனா மேல உமியக் கொட்டி ஈரக் கோணியப் போட்டு மூடி வெப்பாரு. சின்ன வயசுல ஒரு தடவ கேட்டேன், "இன்னா நைனா, கோணியப் போத்துனா நமக்கு சூடாவுது, ஐஸுக்கு மட்டும் எப்படி ஜில்லுன்னே இருக்குது"ன்னு. அதுக்கு அவரு, "கோணிக்கு சூடும் தெரியாது குளிரும் தெரியாதுடா, உள்ள இருக்கறத வெளிய வுடாது, வெளிய இருக்கறத உள்ள வுடாது, அவ்ளோதான்"னாரு.

நான் இங்க சொல்ல வர்றதுல பாதி அதுலயே முடிஞ்சுடுச்சு. பனி பெய்யுற மலைக்காட்டுல வழி தவறி, டென்ட்டும் இல்லாம ஸ்லீப்பிங் பேக்கும் இல்லாம ராத்திரி மாட்டிக்கிட்டா, சுத்தி கெடக்குற கிளை, சருகு, பனி இத வச்சே விடியிற வரைக்கும் உயிரோட இருக்க ஒரு மறைவு கட்டிக்கலாம். ஐஸ் கரையக் கூடாதுன்னா உமி, உடம்பு ஆறக் கூடாதுன்னா சருகு, ரெண்டும் ஒரே வேலைதான்.

உமியில மந்திரம் எதுவும் இல்ல, உமிக்கு நடுவுல மாட்டிக்கிட்டு நகர முடியாம நிக்குற காத்துதான் விஷயம். அசையாத காத்து சூட்டக் கடத்துறதுல ரொம்ப மந்தம். திருவல்லிக்கேணி பக்கம் ஐஸ் ஹவுஸ்னு சொல்றோமே, இப்ப விவேகானந்தர் இல்லமா இருக்கே, அத்த 1842ல கட்டுனது அமெரிக்க ஐஸ் வியாபாரி பிரெட்ரிக் டூடர். அமெரிக்காவுல குளிர்காலத்துல உறைஞ்ச ஏரியப் பாளம் பாளமா அறுத்து, கப்பல்ல அடுக்கி மரத்தூள் போட்டு மூடி, மாசக்கணக்கா கடல்ல கொண்டாந்து மெட்ராஸ் வெயில்ல இறக்கி வித்தாங்க. கரண்ட் இல்லாம, மெஷின் இல்லாம, வெறும் மரத்தூளும் அதுக்குள்ள நின்ன காத்தும் அத்தன நாள் தாங்குச்சுன்னா, ஒரு ராத்திரி உங்க உடம்புச் சூட்டக் காப்பாத்தாதா.

இத ஏன் இப்ப எழுதுறேன்னா, கொஞ்ச வருஷமா நம்ம ஏரியாப் பசங்க டிசம்பர், ஜனவரி ஆனா சென்ட்ரல்ல தமிழ்நாடு எக்ஸ்பிரஸ் ஏறி டெல்லி போயி, அங்கருந்து டேராடூன், அப்புறம் சாங்க்ரி, அங்கருந்து பனியில நடந்து கேதார்காந்தான்னு ஒரு ரவுண்டு போயிட்டு வர்றாங்க. உத்தராகண்ட்ல இருக்கற 12,500 அடி மலை. போறது நல்லது, மனசுக்கு அவ்ளோ நல்லது, நானும் போயிருக்கேன். ஆனா நம்ம ஊர்ல இதுவரைக்கும் பதிவான மிகக் கொறஞ்ச வெப்பநிலையே 13.9 டிகிரிதான், அதுவும் நூறு வருஷத்துக்கு மேல ஆச்சு. வெயில்னா எங்க நிக்கணும், எப்ப மோர் குடிக்கணும்னு ராயபுரத்துல ஒரு சின்னக் கொழந்தைக்குக் கூடத் தெரியும், குளிர் எந்தப் பக்கத்துலருந்து வந்து ஆளத் தூக்கும்னு நமக்குத் தெரியாது, சொல்லிக் குடுக்கவும் ஆள் இல்ல. பனின்னாலே நம்மளுக்கு மார்கழி காலையில வண்டி சீட்டு மேல இருக்கற ஈரம்தான்.

எனக்குத் தெரிஞ்சது ஒரு ராத்திரியிலதான். கூட்டிட்டுப் போன குழுக்காரங்க அடியில விரிக்கிற மேட் ஒன்னு கொறச்சலா எடுத்துட்டு வந்துட்டாங்க, பரவால்லன்னு நான் வெறும் டென்ட் துணி மேலயே ஸ்லீப்பிங் பேக் விரிச்சுப் படுத்தேன். மேல நல்ல கனமான பேக், ரெண்டு ஜாக்கெட், குல்லா எல்லாம் இருக்கு, ஆனா முதுகு மட்டும் மீன் பெட்டிக்குள்ள படுத்த மாதிரி. பேக்குக்குள்ள இருக்கற பஞ்சு நம்ம வெயிட்டுல நசுங்கிடுது, நசுங்கிட்டா அதுல காத்து நிக்காது, காத்து இல்லன்னா அது வெறும் துணி, இது அப்ப எனக்குத் தெரியல. நான் நடுங்குறத டார்ச் வெளிச்சத்துல பாத்துட்டு அந்த ஊர் கைடு அண்ணன் கோவேறு கழுதை மேல போட்டிருந்த ரெண்டு கோணியக் கொண்டாந்து அதுக்குள்ள சருகக் கொட்டி எனக்கு அடியில தள்ளுனாரு. ஒரு கால் மணி நேரத்துல முதுகு உயிர் வந்துச்சு. எங்க நைனாவோட அதே கோணி.

தைப் பனி தரையைத் துளைக்கும், மாசிப் பனி மச்சைத் துளைக்கும்னு நம்ம பெரியவங்க சொல்றத வச்சுக்கிட்டா இந்த விஷயத்த நல்லா ஞாபகம் வச்சுக்கலாம். புதுசா மறைவு கட்டுறவங்க எல்லாரும் மச்சப் பத்தியே, அதாவது கூரையப் பத்தியே யோசிக்கிறாங்க, தரைய மறந்துடுறாங்க. படுத்திருக்கற ஆளோட சூட்ட இழுக்குறதுல தரைக்குப் பெரிய பங்கு இருக்கு, ஏன்னா காத்து நம்மள உரசிட்டுப் போவுது, தரை நம்மள ஒட்டிக்கிட்டே ராத்திரி முழுக்க உறிஞ்சுது. அப்புறம்தான் காத்து, அப்புறம் ஈரம். ஈரத்தச் சின்னதா எடுத்துக்காதீங்க, தண்ணி காத்த விட ஏறக்கொறைய 25 மடங்கு வேகமா உடம்புச் சூட்டக் கொண்டு போயிடும். ஐப்பசி மழையில நனைஞ்சு படகு மேல்தளத்துல நின்னுகிட்டு கரைக்கு வந்தவங்களக் கேளுங்க, சென்னைக் கடல்லயே பல்லு கிட்டும். நம்ம உடம்பு உள்சூடு சுமார் 37 டிகிரி, அது 35க்குக் கீழ போனாலே டாக்டருங்க அத்த ஹைப்போதெர்மியான்னு சொல்றாங்க. ரெண்டே டிகிரிதான் வித்தியாசம். மலையேறுறவங்க ஒரு கணக்கு வச்சிருப்பாங்க, மூச்சு இல்லாம 3 நிமிஷம், மோசமான வானிலையில மறைவு இல்லாம 3 மணி நேரம், தண்ணி இல்லாம 3 நாள், சோறு இல்லாம 3 வாரம்னு. இது தோராயமான கணக்குதான், ஆனா எத முதல்ல செய்யணும்னு புரிஞ்சுக்க உதவும். மாட்டிக்கிட்ட உடனே பசிக்குதேன்னு பையத் துழாவாதீங்க, மறைவப் பாருங்க.

சரி, கட்டுறதுக்கு வருவோம். எப்ப ஆரம்பிக்கணும்ங்கறதுதான் எனக்கு ரொம்ப முக்கியமாத் தோணுது. வழி தப்பிடுச்சுன்னு மனசு சொல்லுது, ஆனா கால் இன்னும் கொஞ்சம் போயிப் பாக்கலாம்ங்குது, இப்படியே வெளிச்சம் போயிடும். ஒத்த ஆளு ஒழுங்கான சருகு மறைவு கட்ட ரெண்டுலருந்து நாலு மணி நேரம் பிடிக்கும், டிசம்பர்ல அந்தப் பக்கம் சாயங்காலம் அஞ்சரைக்கெல்லாம் இருட்டிடும், அப்போ மத்தியானம் ரெண்டு, மூணு மணிக்கே முடிவு எடுத்துடணும். இன்னொன்னு, அவசர அவசரமா வேல செஞ்சு வேர்த்துடக் கூடாது. வேர்வைன்னா ஈரம், ஈரம்னா ராத்திரி ஆபத்து. மேல் ஜாக்கெட்டக் கழட்டி பைக்குள்ள நனையாம வச்சுட்டு, லேசா குளிர்ற மாதிரியே மெதுவா வேல செய்ங்க, முடிஞ்சதும் காஞ்ச ஜாக்கெட்ட மாட்டிக்கலாம்.

எடம் பாக்கும்போது பள்ளத்தாக்கோட அடியில எறங்காதீங்க, குளிர்ந்த காத்து கனமா இருக்கறதால தண்ணி மாதிரி வழிஞ்சு பள்ளத்துல போயி தேங்கும். மலை முகட்டுலயும் வேணாம், அங்க காத்து அறையும். நடுவுல சரிவுல, காத்துக்கு மறைவா, சருகு நெறைய கெடக்குற எடமா பாருங்க, ஏன்னா சருகத் தூக்கிட்டு நடக்குறதுலதான் பாதி சக்தி போவும். தலைக்கு மேல காஞ்சு தொங்குற கிளை இருக்கான்னு அண்ணாந்து பாத்துக்கணும். மரமே இல்லாத வெட்டவெளிப் பனிச் சரிவுக்குக் கீழ கட்டவே கூடாது, 30லருந்து 45 டிகிரி சாய்வுல இருக்கற சரிவுலதான் பனி மொத்தமா பேந்து சரிஞ்சு விழுறது அதிகமா நடக்குது.

அளவு. இங்கதான் எல்லாரும் தப்பு பண்றாங்க. நல்லா உக்கார, எழுந்து நிக்க வசதியா ஒரு குடிசை கட்டணும்னு ஆசை வரும். கட்டாதீங்க. உள்ள ஹீட்டர் எதுவும் இல்ல, இருக்கற ஒரே அடுப்பு உங்க உடம்பு, அந்த அடுப்பால ஒரு ரூம சூடாக்க முடியாது. மார்கழி ராத்திரி நம்ம தெருவுல நாய் எப்படிப் படுக்குதுன்னு பாத்திருப்பீங்க, கட்டடத்துக்குக் கொட்டுன மணல்ல உடம்பளவு பள்ளம் நோண்டி, சுருண்டு, மூக்கக் கொண்டு போயி வால்ல சொருகிக்கிட்டுப் படுக்கும். அதுக்கு மணல்ல வேணுங்கற எடம் அவ்ளோதான். நமக்கும் அவ்ளோதான், புரண்டு படுத்தா தோள் ரெண்டு பக்கமும் சருகுல உரசணும், அதுதான் சரியான அளவு.

முதல்ல படுக்கை, கூரைக்கு முன்னாடியே படுக்கை. நடுவுல சோர்ந்து போயி கூரை முடிக்க முடியலன்னாலும் படுக்கையும் மேல கொட்டுற சருகும் இருந்தா பொழச்சுக்கலாம், வெறும் தரையில அழகான கூரையோட படுத்தா முடியாது. தரையில பனி இருந்தா கால்ல தள்ளிட்டு, அடியில சின்னக் கிளைங்கள நெருக்கமா அடுக்குங்க, கொஞ்சம் தூக்கலா நிக்கும். அதுக்கு மேல சருகு, பைன் ஊசி இலை, காஞ்ச புல்லு, எது கெடைக்குதோ அது. ஏறிப் படுத்து அமுக்கிப் பாருங்க, அமுங்குன பிறகும் ஒரு சாண் கனம் இருக்கணும். அமுங்குறதுக்கு முன்னாடி ஒரு முழத்துக்கு மேல இருந்தாதான் அது வரும். போதும்னு தோணும்போது இன்னும் அதே அளவு போடுங்க. பனி விழுந்த காட்டுல காஞ்ச சருகு எங்க கெடைக்கும்னு கேப்பீங்க, பெரிய தேவதாரு, பைன், ஓக் மரத்தோட அடியில பாருங்க, கிளை குடை மாதிரி இருக்கறதால தூர்கிட்ட பனி கொறச்சலா இருக்கும், மேல் ஈரத்தத் தள்ளிட்டு நோண்டுனா உள்ள ஓரளவு காஞ்சது இருக்கும். கொஞ்சம் ஈரமாத்தான் கெடைக்குதுன்னா அத்தக் கூரைக்கு மேல போட்டுக்கலாம், உடம்பு கிட்ட காஞ்சது.

இப்போ எலும்புக்கூடு. உங்க உயரத்துக்கு மேல மூணு, நாலு அடி நீளமா, பந்தல் போடுற சவுக்குக் கட்டை கனத்துல ஒரு மொத்தக் கழி வேணும். அத்த ஒரு பக்கம் தரையில ஊனி, இன்னொரு பக்கம் இடுப்பு உயரத்துல ரெண்டு கவட்டைக் கிளை மேலயோ, ஒரு பாறை மேலயோ, மரத்தோட தாழ்ந்த கிளை மேலயோ தூக்கி வச்சுடுங்க. தல மாட்டுல உயரம், கால் மாட்டுல தாழ்வு. கழி மேல ஏறி உக்காந்து ஆட்டிப் பாருங்க, ராத்திரி பனி மேல விழுந்தா அந்த வெயிட்டத் தாங்கணும். அதுக்கு ரெண்டு பக்கமும் விலா எலும்பு மாதிரி குச்சிங்கள சாய்ச்சு அடுக்குங்க, 45 டிகிரி சாய்வு இருந்தா சருகும் நிக்கும், தண்ணியும் வழியும். குச்சிங்க கழியத் தாண்டி மேல நீட்டிக்கிட்டு இருந்தா ஒடச்சு விடுங்க, இல்லன்னா மழைத்தண்ணி அது வழியாவே உள்ள எறங்கும். அப்புறம் குறுக்க சின்னச் சின்ன மிலாறு போட்டு ஒரு வலை மாதிரி பண்ணிட்டா சருகு உள்ள கொட்டாது.

பைன், தேவதாருக் கிளை போடுறதா இருந்தா கீத்து வேயுற மாதிரிதான். வியாசர்பாடியிலயும் கொருக்குப்பேட்டையிலயும் கீத்துக் கொட்டாய்ல இருந்தவங்களுக்கு இது கையிலயே இருக்கும், கீழ் வரிசைய முதல்ல கட்டி, அடுத்த வரிசை அது மேல ஏறுற மாதிரி, நுனி கீழ பாக்குற மாதிரி. தலைகீழா மேலருந்து ஆரம்பிச்சா ஒவ்வொரு சொட்டும் இடுக்குல நொழஞ்சு உள்ள வரும்.

அது மேல சருகு. எவ்ளோன்னா, பக்கவாட்டுல கைய உள்ள விட்டா முழங்கை தாண்டி அக்குள் வரைக்கும் போவணும், அதாவது ரெண்டுலருந்து மூணு அடி. நெஜமாவே அவ்ளோ வேணும். பாதியில நிறுத்திட்டவங்கதான் நடுராத்திரி நடுங்குறாங்க. ஜாக்கெட்டையோ பையையோ கூடை மாதிரி புடிச்சுகிட்டு வாரி வாரிக் கொண்டாந்து கொட்ட வேண்டியதுதான், இந்த வேலைக்குக் குறுக்கு வழி கெடையாது. கடைசியா காத்து அள்ளிட்டுப் போகாம இருக்க மேல நாலு கிளைய சாத்துங்க, சுத்தி பனி இருந்தா ஒரு அரை அடி பனியும் தூவலாம். உள்ளயும் லூசா சருக ரொப்பிட்டு, கால முதல்ல விட்டு நொழைங்க, கூட்டுக்குள்ள போற மாதிரி. வாசலுக்கு உங்க பையிலயோ ஒரு பிளாஸ்டிக் கவர்லயோ சருகு அடைச்சு மூட்டையாக்கி உள்ளருந்து இழுத்து அடைச்சுக்கணும், மூச்சுக்கு ஒரு ஓரமா இடைவெளி விட்டுட்டு. சட்டைக்கும் ஜாக்கெட்டுக்கும் நடுவுல கூட காஞ்ச சருகக் கசக்கித் திணிச்சுக்கலாம், குத்தும், ஆனா காப்பாத்தும். பையில நியூஸ் பேப்பர் இருந்தா இன்னும் நல்லது.

உள்ள நெருப்பு மூட்டவே மூட்டாதீங்க. கீத்துக் கொட்டாய் எவ்ளோ வேகமா எரியும்னு வடசென்னையில பொறந்து வளந்த எவனுக்கும் சொல்லத் தேவையில்ல, ஒரு வரிசையே போயிடும், பக்கெட் எடுக்குறதுக்குள்ள முடிஞ்சிருக்கும். இது அதவிடச் சின்னது, நீங்க உள்ள படுத்திருக்கீங்க, வெளிய வர ஒரே வழி. நெருப்பு வேணும்னா வெளிய தள்ளி மூட்டிக் குளிர் காஞ்சுட்டு, அணைச்சுட்டு உள்ள போங்க. மூடுன எடத்துல கரி எரிச்சா வர்ற கார்பன் மோனாக்சைடுக்கு வாசனையும் கெடையாது, வட இந்தியாவுல குளிர்காலம் வந்தா மூடுன ரூம்ல கரி அடுப்பு வச்சுத் தூங்கி செத்துப் போறவங்க செய்தி ஒவ்வொரு வருஷமும் வருது.

சருகே இல்ல, எல்லாம் பனிதான்னா? பனியே நல்ல உமி. புதுசா விழுந்த பனியில பத்துல ஒம்பது பங்குக்கு மேல காத்துதான், நைனா மூடி வெக்குற ஐஸ் பார் மாதிரி கெட்டி கெடையாது. ஆழமான பனியில உடம்பு அகலத்துக்கு ஒரு குழி வெட்டி, அடியில கிளை, மேல கிளை, அதுக்கு மேல பனின்னு மூடிக்கறது தனியாளுக்கு சுலபம், சாப்பாட்டுத் தட்டு வச்சே வெட்டிடலாம். நாலஞ்சு பேர் இருந்தா ஆளுயரத்துக்குப் பனியக் குவிச்சு, ஒரு மணி, ரெண்டு மணி நேரம் இறுக விட்டு, அப்புறம் குடைஞ்சு உள்ள போறது உண்டு. குடையுறதுக்கு முன்னாடி ஒரு அடி நீளக் குச்சிங்கள வெளியருந்து சுத்தி சொருகி விட்டுடுவாங்க, உள்ளருந்து குடையும்போது குச்சி நுனி தெரிஞ்சா நிறுத்திடணும், செவுரு மெலிஞ்சு இடிஞ்சு விழாம இருக்கும். குடையும்போது ஒரு ஆளு வெளியவே நிக்கணும், இடிஞ்சா தோண்டி எடுக்க. படுக்கை வாசல விட உசரமா இருக்கணும், குளிர்ந்த காத்து கீழ வழிஞ்சு வெளிய போயிடும். கூரையில முஷ்டி அளவு ஒரு ஓட்டை, அத்தக் குத்தித் தொறந்து விட ஒரு குச்சி உள்ள வச்சுக்கணும், இத மட்டும் மறந்துடாதீங்க, பனி மூடிட்டா மூச்சு முட்டும். வெளிய மைனஸ் 20 இருந்தாலும் உள்ள பூஜ்ஜியத்த ஒட்டியே நிக்கும். சுகமா இருக்காது, ஆனா விடியும்.

கூட ஆள் இருந்தா ஒட்டிப் படுங்க, வெக்கப்படுற நேரம் இல்ல. ஒருத்தரு ஒருத்தரக் கவனிச்சுக்கிட்டே இருங்க. நடுங்குறது நல்ல அறிகுறிதான், உடம்பு போராடுது. பேச்சு குழறுது, ஜிப்பப் போட விரல் வரல, காரணமில்லாம எரிஞ்சு விழுறாரு, நடுக்கம் நின்னு போச்சு ஆனா சூடாவல, இதெல்லாம் பாத்தா ஈரத்துணிய மாத்தி, சருகுக்குள்ள நடுவுல போட்டு, ரெண்டு பக்கமும் நீங்க படுத்துக்கணும். சில பேரு கடைசி நேரத்துல சூடா இருக்குதுன்னு துணியக் கழட்ட ஆரம்பிப்பாங்க, விடாதீங்க. சாராயம் ஊத்தாதீங்க, அது தோல் பக்கம் ரத்தத்தத் தள்ளி உள்சூட்ட வெளிய விட்டுடும். தாகத்துக்குப் பனிய அப்படியே தின்னாலும் அத்தக் கரைக்க உடம்புச் சூடுதான் செலவாகும்.

மறைவுக்கு வெளிய கலரு துணி ஏதாவது கட்டித் தொங்க விடுங்க, சருகுக் கூடு காட்டோட காடா கலந்துடும், தேடி வர்றவங்க பத்தடியில தாண்டிப் போயிடுவாங்க. விசில் மூணு தடவ ஊதி நிறுத்தி மறுபடி மூணு. சிக்னல் கெடைச்சா அவசர உதவி நம்பர் 112க்கு அடிங்க.

ஊருக்கு வந்ததும் ஊட்டியிலயோ கொடைக்கானல்லயோ காட்டுக்குள்ள போயி இத ட்ரை பண்ணிப் பாக்கலாம்னு பசங்க கேக்குறாங்க. உயிர் போற நேரம் வேற, பழகுறதுக்காக ரிசர்வ் பாரஸ்ட்ல கிளை வெட்டுறது குத்தம், காட்டுக்கும் கெடுதல். நம்ம மொட்டை மாடி போதும். கூடு கட்ட முடியாது, ஆனா படுக்கையப் புரிஞ்சுக்கலாம். மார்கழியில ராத்திரி பாதி நேரம் வெறும் தளத்துல ஒரு பெட்ஷீட் மேல படுங்க, மீதி நேரம் ரெண்டு கோணியில சருகு ரொப்பி அது மேல படுங்க. விடியக்காலை நாலு மணிக்கு முதுகே பதில் சொல்லும். தூங்குமூஞ்சி மரத்து இலை பொடிசா இருக்கும், சீக்கிரம் அமுங்கிடும், பாதாம் மர இலை பெருசு, நல்லா தாங்குது. வெயில்ல ஒரு நாள் காய வச்சு உதறிட்டு ரொப்புங்க, ஈரச் சருகுல பூரான் இருக்கும்.